இரண்டாம் கட்டில் திருமூர்த்தி

திருமூர்த்தி பிறந்தது ஆனி மாதத்தில் ஒரு புதன்கிழமை, முற்பகல் பதினொன்றே காலுக்கு, முப்பத்தெட்டு வயதில், நூற்றியொரு டிகிரி காய்ச்சலோடு. பிறந்த இடம் பொள்ளாச்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் முதல் மாடியில் கோகிலவாணியின் மேசை. வந்து படுத்த இடம் எங்கள் மேல்மடை எஸ்டேட் மருந்தகத்தின் இரண்டாம் கட்டில். இரண்டுக்கும் நடுவே முப்பது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, அவர் அதில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. நான் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிறவன். ஒரு கிராம் கூட்டிச் சொன்னாலும் எங்கள் பெண்கள் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார்கள், அதனால் இதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

எங்கள் மலையில் எஸ்டேட்டுக்கு ஒன்றாக ஆறு மருந்தகங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நர்ஸ், இரண்டு கட்டில், ஒரு கம்ப்யூட்டர். டாக்டர் கிடையாது. டாக்டர் ஷமீமா கீழே பொள்ளாச்சியில் இருப்பார். நோயாளிகளின் அட்டைகளும் கீழே ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கும். இங்கிருந்து நர்ஸ் அந்தக் கம்ப்யூட்டரைத் தன் திரையில் ஒரு ஜன்னல்போலத் திறந்து வைத்துக்கொள்வார். அதற்கு ரிமோட் டெஸ்க்டாப் என்று பெயர், நாங்கள் ஜன்னல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே நர்ஸ் எழுத எழுத அங்கே டாக்டர் படிப்பார், அங்கே டாக்டர் சொல்லச் சொல்ல இங்கே ஊசி ஏறும். ஜன்னல் திறந்திருக்கும்வரை டாக்டர் பக்கத்து அறையில் இருப்பதுபோலத்தான்.

வைகாசிக் கோடைமழையில் ஒருநாள் ஜன்னல் நாலு மணி நேரம் திறக்கவில்லை. செல்போன் கோபுரமும் விழுந்திருந்தது. அன்றைக்குத்தான் கொழுந்து பறிக்கிற செல்லக்கிளிக்கு வலி கண்டது, தலைச்சன் பிரசவம். எங்கள் நர்ஸ் பிலோமினா ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அந்த வெள்ளைத் திரையைத் தட்டிக்கொண்டே இருந்தார். கீழே டாக்டர் ஷமீமா தன் அறையில்தான் இருந்தார், மலையிலிருந்து யாரும் கூப்பிடவில்லையே, இன்றைக்கு எல்லாரும் சௌக்கியம்போல என்று நினைத்துக்கொண்டு. ஜன்னல் மூடிக் கிடக்கிறது என்பதே கீழே ஒருவருக்கும் தெரியவில்லை. செல்லக்கிளி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கோகிலவாணி அந்தச் சோதனையை அமைத்தார். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. முப்பது வயதிருக்கும், சிரிக்கும்போதுகூடப் புருவம் நெரிந்தே இருக்கும். அவர் செய்தது இவ்வளவுதான்: ஆறு மருந்தகங்களிலும் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, ஆளில்லாத ஒரு கை அந்த ஜன்னலைத் தானே திறக்கும், பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் போடும், நோயாளிகள் பட்டியலுக்குப் போகும், ஓர் அட்டையைத் திறக்கும், அதில் ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்கும், மூடிவிட்டு வெளியே வரும். முப்பது நொடிக்குள் சொல்லைக் கண்டால் கோகிலவாணியின் திரையில் பச்சைப் புள்ளி. காணாவிட்டால் சிவப்புப் புள்ளி, கூடவே மணி. மணி அடித்தால் கேபிள்காரரும் ஆஸ்பத்திரி ஜீப்பும் யாரையும் கேட்காமல் மலையேறிவிட வேண்டும். சொல்லைப் பார்ப்பது எதற்கு என்றால், ஜன்னல் திறந்து வெறும் வெள்ளையாக நின்றாலும் திறந்துவிட்டது என்றே இயந்திரம் நினைத்துக்கொள்ளும். எங்கள் வெள்ளைத் திரையை அவர் மறக்கவில்லை.

சோதனைக்கு ஓர் அட்டை வேண்டும். நிஜ நோயாளியின் அட்டையை மணிக்குப் பன்னிரண்டு தடவை திறந்து பார்ப்பது மரியாதை இல்லை என்று கோகிலவாணி ஒரு பொய் அட்டை போடப் போனார், பெயர் என்ற இடத்தில் ‘டெஸ்ட்’ என்று அடித்தார். பதிவேட்டுப் பிரிவின் பொன்னுரங்கம் எழுந்து வந்துவிட்டார். இருபத்தாறு வருஷமாக அரைகுறை அட்டை ஒன்றையும் உள்ளே விடாதவர்.

“டெஸ்ட்டுன்னு ஒரு மனுசன் இருப்பானாம்மா? பேரு, வயசு, ஊரு, என்ன தொந்தரவு, எந்தக் கட்டிலு, அத்தனையும் எழுதோணும். நடந்து வந்த ஆளாட்டம் எழுதிக் குடு, நான் முத்திரை போட்டுத் தர்றேன்.”

சரி போ என்று கோகிலவாணியும் நடந்து வந்த ஆளாட்டமே எழுதினார். திருமூர்த்தி, முப்பத்தெட்டு, மேல்மடை, இரண்டாம் கட்டில். என்ன தொந்தரவு என்ற இடத்தில் காய்ச்சல், 101. அந்த 101 என்ற எண்ணைத்தான் சோதனை தேட வேண்டும் என்று குறித்தார். பொன்னுரங்கம் முத்திரை போட்டார். கோகிலவாணி சோதனையை ஓடவிட்டார். ஆறு புள்ளிகளும் பச்சையாயின.

பத்து நிமிஷத்தில் பிலோமினாவிடமிருந்து போன்.

“மேடம், நீங்க அனுப்புன ஆளு வந்துட்டாருங்க. ரெண்டாங் கட்டில்ல படுத்திருக்காரு. காய்ச்சல் சரியா நூத்தியொண்ணு. கஞ்சி குடுக்கலாமுங்களா?”

கோகிலவாணி அட்டையைப் பார்த்தார். உணவு என்ற கட்டத்தை அவர் நிரப்பியிருக்கவில்லை. “எது கேக்கறாரோ குடுங்க சிஸ்டர்” என்றார்.

அவர் எதுவும் கேட்கவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டார். ஒல்லியான, மாநிறமான, மீசையைச் சரியாக வெட்டத் தெரியாத மனிதர், யாரையும் ‘ங்க’ போடாமல் பேசமாட்டார். சொந்தபந்தம் யாரென்று கேட்டால் வெட்கப்பட்டுச் சிரிப்பார். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, ஆறு மருந்தகங்களிலிருந்தும் ஒரே சமயத்தில் அவர் அட்டை திறக்கும்போது, பெயர் சொல்லி யாரோ கூப்பிட்டதுபோல முகத்தைத் தூக்கிப் பார்ப்பார். அட்டை மூடியதும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். நாங்களும் அவருடைய பேச்சுக்கு நடுவே நிற்கப் பழகிக்கொண்டோம், பாதிரியார்கூட ஜெபத்தை நிறுத்திக் காத்திருந்து மிச்சத்தைச் சொன்னார். பாதிரியார் வந்துபோனதைக் கேள்விப்பட்டு மாரியம்மன் கோவில் பூசாரி திருநீற்றோடு வந்தார். திருமூர்த்தி இரண்டு பேருக்கும் கும்பிடு போட்டார். இவர் எந்தப் பக்கம் என்று நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது, பிறகு மழை பிடித்துக்கொண்டதால் ஆளாளுக்கு வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

அந்த மழையை எங்கள் மலை மறக்காது. ஆனியில் தொடங்கி ஆவணிவரை மேகம் தேயிலைமேலேயே படுத்துக் கிடந்தது. ஏழு தடவை கேபிள் அறுந்தது. ஏழு தடவையும் எங்கள் ஆறு நர்ஸுகளில் ஒருவர்கூடக் கவனிப்பதற்குள் பொள்ளாச்சியில் மணி அடித்து, ஜீப் கிளம்பி, கேபிள்காரர் கம்பத்தில் ஏறியிருந்தார். சோலைப்பாறை எஸ்டேட்டில் கண்ணாடிவிரியன் தீண்டிய கங்காணியின் மனைவிக்கு மருந்து ஜீப்பிலேயே வந்து சேர்ந்தது. கரடிமேட்டில் இரட்டைப் பிள்ளைகள், ஒன்று தலையாகவும் ஒன்று காலாகவும் வந்து, இரண்டும் இன்றைக்குக் கத்திக்கொண்டிருக்கின்றன. நெஞ்சுவலியோடு மயங்கிய ஃபேக்டரி மேஸ்திரியை டாக்டர் ஜன்னல் வழியாகவே பார்த்துப் பார்த்துப் பிழைக்க வைத்தார், மேஸ்திரி எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி யார் லீவு போட்டார்கள் என்பது.

பிழைத்தவர்கள் எல்லாரும் முதலில் திருமூர்த்தியிடம்தான் வந்தார்கள். டாக்டர் எங்கோ தூரத்தில் இருக்கிறார், கோகிலவாணியின் முகம் எங்களுக்குத் தெரியாது, கண்ணெதிரே காய்ச்சலோடு படுத்திருந்தவர் அவர்தானே. கோழிக் குழம்பு வந்தது, மிளகு ரசம் வந்தது, கம்பளிச் சட்டை மூன்று வந்தன, இரட்டைப் பிள்ளைகளை அவர் மடியில் கிடத்திப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். “உங்க காய்ச்சலாலதான் எம்பொண்டாட்டி பொழச்சாளுங்க” என்று கங்காணி அவர் காலைத் தொடப் போனார். அவர் காலை மடக்கிக்கொண்டு, “நான் சும்மா படுத்துத்தானுங்க இருக்கறேன்” என்றார்.

வந்தவர்களில் தினமும் வந்தவள் செல்லக்கிளி. அவள் எதுவும் கொண்டுவருவதில்லை, நன்றியும் சொல்வதில்லை, சொல்ல அவளுக்கு என்ன இருந்தது? கொழுந்து நிறுத்து முடித்ததும் கூடையை என்னிடமே போட்டுவிட்டுப் போய், ஈரத்துணியை நனைத்து அவர் நெற்றியில் வைப்பாள், கஞ்சியை ஆற்றிக் கரண்டியால் ஊட்டுவாள், வாயைத் துடைப்பாள். அவளுக்கு இருபத்தாறு வயது. பிள்ளை போனபிறகு அவள் யாரோடும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நாங்கள் கேட்டதில்லை. அவர் நெற்றி கொஞ்சம் குளிர்ந்த நாளில் அவள் முகம் கொஞ்சம் தெளிவதை மட்டும் பார்த்திருக்கிறோம்.

ஆனால் நெற்றி குளிர்ந்தால் தொல்லை இருந்தது. அது எங்களுக்குப் புரட்டாசி முதல் வாரத்தில் தெரியவந்தது. பிலோமினா அவருக்குப் புது மாத்திரை கொடுத்தார், காய்ச்சல் 99க்கு இறங்கியது, பிலோமினா சந்தோஷமாக அட்டையில் 99 என்று எழுதினார். ஐந்து நிமிஷத்தில் பொள்ளாச்சியில் ஆறு புள்ளிகளும் சிவப்பாகி மணி அடித்தது. ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே மலையேறி வந்து பார்த்தால் எல்லா மருந்தகத்திலும் ஜன்னல் நன்றாகத்தான் திறந்தது. கோகிலவாணி போன் செய்தார்.

“சிஸ்டர், என்ன பண்ணுனீங்க?”

“மாத்திரை குடுத்தேனுங்க. வேற ஒண்ணும் பண்ணலீங்க.”

கோகிலவாணி அட்டையைத் திறந்து பார்த்தார், 101 இருந்த இடத்தில் 99 இருந்தது.

சோதனை தேடுவது 101. அவர் குணமாகிற ஒவ்வொரு டிகிரிக்கும் எங்கள் காவல் ஒரு பொய் சொல்லும். பொய்யாக மணி அடித்து அடித்து ஜீப்காரர் அலுத்துப்போன நாளில் நிஜமான மணி அடித்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். “அட்டையில 101ன்னே எழுதிட்டு மாத்திரையக் குடுங்களேன்” என்று நான்தான் கேட்டேன். “இல்லாத காய்ச்சல எழுதறதுக்கு நர்ஸு எதுக்குங்க, நீங்களே எழுதலாமே” என்று பிலோமினா என்னைக் கடிந்துகொண்டார். தேடுகிற எண்ணை 98.4 என்று மாற்றிவிடலாமே என்றால், காய்ச்சல் இல்லாதவருக்குக் கட்டில் கிடையாது, வீட்டுக்கு அனுப்பி அட்டையை ஒரேயடியாக மூட வேண்டும் என்று பொன்னுரங்கம் சொல்லிவிட்டார். அட்டை மூடினால் பட்டியலிலிருந்து பெயர் போகும். பெயர் போனால் திருமூர்த்தி என்ன ஆவார்? அவர் அந்த அட்டையில் காய்ச்சலோடு பிறந்தவர்.

திருமூர்த்திதான் முடிவு சொன்னார். “மாத்திரை வேண்டாமுங்க சிஸ்டர். எத்தனையோ பேரு இத நம்பி இருக்கறாங்க. காய்ச்சல் இருந்துட்டுப் போவட்டுமுங்க.”

நாங்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் இருந்த பதினாறு பேரும் வாயை மூடிக்கொண்டோம், நானும்தான். மனசுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மாத்திரை நின்றது. 101 திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. ஐப்பசி பிறந்தபோது கம்பளிச் சட்டை அவர்மேல் கொடியில் காயப்போட்டதுபோலத் தொங்கியது. டாக்டர் ஷமீமா ஜன்னல் வழியாக ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் தை மாதம்வரை தாங்கமாட்டார் என்று எழுதினார். திருமூர்த்தி கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதையும் செல்லக்கிளியிடம் மட்டும் கேட்டிருக்கிறார்: வெளியே கேட்கிறதே, அந்த மழை எப்படி இருக்கும்?

மறுநாள் செல்லக்கிளி கூடையோடு நிறுவைக்கு வரவில்லை. பிலோமினாவின் போனை வாங்கி, முகம் தெரியாத கோகிலவாணியிடம் பேசினாள். நாங்கள் வாசலில் நின்று கேட்டோம்.

“எங்கொழந்தைய நாலு மணி நேரம் யாரும் பாக்கலீங்க மேடம். அதுக்கோசரம் இவர நாலு மாசமா எல்லாரும் பாத்துட்டே இருக்கறோம். பாத்து என்னுங்க பண்ணுனோம்? ஒருத்தரும் எந்திரிக்க உடலியே. எம்புள்ளைக்காக இன்னொரு உசுரு வேகறது எனக்கு வேண்டாமுங்க. அவரு மழைய பாக்கோணும். அதுக்கு என்ன செய்யோணுமோ செய்யுங்க.”

கோகிலவாணி மறு பஸ்ஸிலேயே மலையேறினார். முப்பது வளைவுகளில் எட்டாவதிலேயே வாந்தி எடுத்துவிட்டு, முகம் வெளிறி வந்து இரண்டாம் கட்டில் அருகே நின்றார். இந்த மனிதரைத் தானே பத்து நிமிஷத்தில், அதுவும் பொன்னுரங்கத்திடமிருந்து தப்பிப்பதற்காக எழுதினோம் என்ற நினைப்பில் அவருக்கு அழுகை வந்துவிட்டது. “என்னை மன்னிச்சிருங்க, ஒரு தலைவலின்னு எழுதியிருந்தாக்கூட இத்தனை கஷ்டம் வந்திருக்காதுங்க” என்றார். “நீங்க எழுதுனதாலதானுங்க இத்தனை பேரப் பாத்தேன்” என்று திருமூர்த்தி அவருக்கு ஆறுதல் சொன்னார்.

மாத்திரை மறுபடி தொடங்கியது. மூன்று நாள் கோகிலவாணி பிலோமினாவின் மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். பிலோமினா தெர்மாமீட்டரைப் பார்த்து “நூறு” என்பார், அட்டையில் எழுதுவார், அடுத்த சோதனை வருவதற்குள் கோகிலவாணி தேடுகிற எண்ணை நூறாக மாற்றுவார். 99.6, 99, 98.8. ஒருமுறைகூட மணி அடிக்கவில்லை. நடுநடுவே அவர் எங்கள் கம்ப்யூட்டரில் எதையோ துழாவிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவருடைய புருவம் விரிந்து நாங்கள் முதன்முதலாகப் பார்த்தோம். மூடிய அட்டைகள் அழிவதில்லை, ‘வீடு திரும்பியோர்’ என்று தனியாக ஒரு பட்டியலுக்குப் போகின்றன. அங்கே போன பெயரை எந்த மருந்தும் மாற்றாது. சோதனை இனி காய்ச்சலைத் தேட வேண்டாம், அந்தப் பட்டியலில் அவருடைய பெயரைத் தேடினால் போதும்.

“அட்டையை மூடினதுக்கப்புறம் அவரு இருப்பாருங்களா?” என்று பிலோமினா கேட்டார்.

“தெரியலீங்க சிஸ்டர்” என்றார் கோகிலவாணி.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு ஆள் ஒருவர் வந்து கையெழுத்துப் போடாமல் எவரையும் வெளியே அனுப்பமாட்டார்கள், தனியாகப் போகிறேன் என்று யார் சொன்னாலும் செல்லாது. திருமூர்த்தியைக் கூட்டிப்போக அன்று காலை ஆறு எஸ்டேட்டிலிருந்தும் ஆட்கள் வந்து மருந்தக வாசலில் குடையோடு நின்றார்கள். கங்காணி குடும்பத்தோடு வந்தார், இரட்டைப் பிள்ளைகள் வந்தன, மேஸ்திரி லீவு போட்டுவிட்டு வந்தார், அவர் லீவு போட்டு அன்றுதான் பார்த்தோம். ஆனால் படிவத்தில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம். யாரும் எதுவும் பேசிவைத்துக்கொள்ளவில்லை, கூட்டம் தானாக விலகிச் செல்லக்கிளிக்கு வழி விட்டது.

அவள் மேசை முன்னால் வந்து நின்றாள். பிலோமினா அவள் பெயரைப் படிவத்தில் போட்டார். அடுத்த கட்டம்: நோயாளிக்கு என்ன உறவு? பிலோமினா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“என்னன்னு போடட்டும் கிளி?”

“அம்மான்னு போடுங்க.”

“அவருக்கு முப்பத்தெட்டும்மா. உனக்கு இருபத்தாறு.”

“முப்பத்தெட்டு அட்டையிலதானுங்களே” என்றாள் செல்லக்கிளி. “அவரு பொறந்து நாலு மாசந்தானுங்க ஆச்சு.”

பிலோமினா அம்மா என்று அடித்தார். இயந்திரம் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டது. செல்லக்கிளி கையெழுத்துப் போட்டாள். பிலோமினா கண்ணை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். நோயாளிகள் பட்டியலில் இரண்டாம் கட்டில் காலியானது.

நாங்கள் யாரும் திரையைப் பார்க்கவில்லை, கட்டிலைத்தான் பார்த்தோம். திருமூர்த்தி அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார், தரையில் காலை ஊன்றலாமா என்று யோசித்துக்கொண்டு. அவருக்குச் செருப்புக் கொண்டுவர வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. கோகிலவாணி சோதனையை அந்தப் புதுப் பட்டியலுக்கு மாற்றிவிட்டு, புள்ளிகள் தெரியும் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஆறு புள்ளிகளும் பச்சையாகவே இருந்தன. அவர் போனை மார்போடு அணைத்துக்கொண்டு, யாருக்கென்று இல்லாமல், “நன்றிங்க, ரொம்ப நன்றிங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் எல்லாருக்கும் அந்த வார்த்தைதான் வாயில் வந்தது.

செல்லக்கிளி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து நிற்க வைத்தாள். நடக்கத் தெரியாத கால், முதல் அடியில் மடங்கியது, அவள் விடவில்லை. அவள் பின்பக்கமாக ஒரு அடி வைக்க, அவர் முன்பக்கமாக ஒரு அடி வைக்க, இருவரும் அப்படியே வாசல்வரை வந்து வெளியே இறங்கினார்கள். வெளியே ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. அத்தனை குடைகள் இருந்தும் ஒருவரும் அவருக்குக் குடை பிடிக்கவில்லை. அவர் முகத்தை மேலே தூக்கி, வாயைத் திறந்து, நனைந்தார்.

இன்றைக்கும் ஆறு மருந்தகங்களிலிருந்தும் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அந்தக் கை ஜன்னலைத் திறந்து, திருமூர்த்தி வீடு போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று பார்க்கிறது. சேர்ந்திருக்கிறார்.